வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டாம்

ஈரோட்டிலிருந்து ஒரு பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். மகள் அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல், கடைசி செமஸ்டர். மலைக்கு மலை பறவையும் தவளையும் ஏன் மாறுகின்றன என்பதை டி.என்.ஏ.வை வைத்துப் படிக்க வேண்டும், பிறகு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வேண்டும் என்கிறாள். நியூஜெர்சியில் இருக்கும் தாய்மாமன் ஒத்துக்கொள்ளவில்லை. "காடு மேடு சுத்தி என்ன ஆகப் போகுது? பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எம்.எஸ். படிக்க இங்க அனுப்புங்க" என்கிறார். உயிரியல் தரவைக் கம்ப்யூட்டரில் அலசும் படிப்பு அது. நாற்பது லட்சம் கடன், ஈடாக வீடு. அப்பா பத்திரத்தைத் தேடி எடுத்து வைத்துவிட்டார். அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நீங்கள் காட்டைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டியது அந்த நாற்பது லட்சத்தைப் பார்த்து.

இந்த செமஸ்டர் முடிந்தால் உங்கள் மகளிடம் முதுகலைப் பட்டம் இருக்கும். பேராசிரியரைத் தேர்வு செய்யும் குழு அடுத்து பார்ப்பது பிஎச்.டி.யை. நடுவில் இன்னொரு முதுகலைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. மாமா சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் அறிவியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் மாணவர் பணம் கட்டுவதில்லை. கட்டணத்தைத் தள்ளுபடி செய்து பல்கலைக்கழகமே மாதப்படியும் தருகிறது. சொந்தப் பணத்தில் படிக்க வேண்டியிருப்பது எம்.எஸ்.தான். பேராசிரியர் வேலைதான் இலக்கு என்றால் அந்த எம்.எஸ். வேண்டாம். இதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

ஐ.டி. வேலை, பி.எட்., நீட் கோச்சிங் சென்டர் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. எனவே பேராசிரியர் நியமனம் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து பின்னோக்கி வருவோம்.

கதவுகள் இரண்டு. ஒன்று, மாநில, மத்தியப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்முகத்துக்கு ஆட்களை வடிகட்ட ஒரு மதிப்பெண் அட்டவணை உண்டு. பிஎச்.டி.க்கு 30, நெட் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகையுடன் (ஜே.ஆர்.எஃப்.) தேறினால் 7, ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. அதாவது ஆறாவது கட்டுரைக்கு அங்கே மதிப்பெண் இல்லை. அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) பாடவாரியாக ஆள் எடுக்கிறது. 'விலங்கியல்' என்று விளம்பரம் வரும்போது பட்டத்தில் வேறு பெயர் இருந்தால் இரண்டும் சமம் என்ற இணைத்தன்மைச் சான்று கேட்பார்கள், அலைச்சல் தொடங்கும். மகளின் எம்.எஸ்சி. விலங்கியல் அந்த வகையில் சொத்து. மேலே இன்னொரு பெயரைப் பூசி அதைக் குழப்ப வேண்டாம்.

இரண்டாவது கதவு மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களான ஐசர்கள், பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் கழகம் (ஐ.ஐ.எஸ்சி.), தேசிய உயிரியல் ஆய்வு மையம் (என்.சி.பி.எஸ்.) போன்றவை. ஐசரில் உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாயில் தொடங்கும். பிஎச்.டி.க்குப் பிறகு பொதுவாக மூன்றாண்டு அனுபவம் எதிர்பார்ப்பார்கள். இங்கே அட்டவணை கிடையாது. ஐந்தாறு பக்க ஆய்வுத் திட்டம், கற்பித்தல் குறிப்பு, முக்கியக் கட்டுரைகள், பரிந்துரைப்போர் பட்டியல். வடிகட்டிய பிறகு ஒரு மணி நேரக் கருத்தரங்க உரை, அதற்குப் பின் மூடிய அறையில் கேள்விகள்.

பலர் விழுவது அந்த மூடிய அறையில். "இது உங்கள் கைடின் திட்டம் மாதிரி இருக்கிறதே, உங்களுடையது எது?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. சிலர் வரிசைப்படுத்திய மரபணுத்தொகைகளை அடுக்கிக் காட்டுவார்கள், எந்தக் கேள்விக்காக என்று சொல்ல வராது. சிலருக்குக் காடு கைரேகை மாதிரி தெரியும், ஆனால் புள்ளியியலில் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். முதலாண்டு பி.எஸ். மாணவர்களுக்குப் பொது உயிரியல் நடத்த முடியுமா என்று கேட்டால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. சூழலியலும் பரிணாம மரபணுவியலும் சேர்ந்த பதவிக்குக் காடு, லேப், கம்ப்யூட்டர் மூன்றிலும் கை பழகியிருக்க வேண்டும். ஒன்றில் ஆழம் போதும், மற்ற இரண்டில் தடுமாறாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் கிடைக்கும் இடத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பிஎச்.டி.க்கு முன் ஓராண்டு, ஒரு நல்ல லேப்பில் சம்பளத்துடன் ப்ராஜெக்ட் அசோசியேட். மத்திய அரசு நிதியில் நடக்கும் திட்டங்களில் மாதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல் கிடைக்கும், வாடகைப்படி தனி. புலிகளின் மரபணு வேலை பெங்களூரு என்.சி.பி.எஸ்.ஸில் நடக்கிறது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் சில புலிகளின் உடலில் கருப்புப் பட்டைகள் அகலமாகப் பரவியிருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவில் வந்த மாற்றம் என்று 2021-இல் காட்டியது அங்குள்ள உமா ராமகிருஷ்ணன் குழு. மேற்கு மலைத்தொடரின் சோலைக்காட்டுப் பறவைகளை ஆராயும் வி.வி. ராபினின் லேப் ஐசர் திருப்பதியில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இரு பக்கமும் பறவைகள் பிரிந்து போன கதையைத்தான் உங்கள் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். 2017-இல் அவற்றில் ஒரு பேரினத்துக்கு ஷோலிகோலா என்று பெயர் வைத்தார்கள். நம் 'சோலை'தான் அது. ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் வன உயிரின ஆய்வகமான லாகோன்ஸ் இருக்கிறது, வண்டலூரில் தமிழ்நாடு வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம்.

லேப்புக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும். 'மதிப்பிற்குரிய ஐயா, இயற்கையின் மீது சிறு வயது முதலே' என்று தொடங்கினால் படிக்க மாட்டார்கள். அந்த லேப்பின் ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரியாத ஒன்றைக் கேட்டு, தனக்குச் செய்யத் தெரிந்த இரண்டை எழுதட்டும். அந்த இரண்டும் அடுத்த நான்கு மாதங்களில் வீட்டிலேயே வந்துவிடும்: ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புள்ளியியல், லினக்ஸ் கட்டளைகள். இரண்டும் இலவசம், பழைய லேப்டாப் போதும். மாமா சொல்லும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸின் முதல் படியும் இதுதான்.

அந்த ஓராண்டில் லேப்பில் கவனிக்க வேண்டியது அனுமதிக் கோப்புகளை. சரணாலயத்துக்குள் ஆய்வுக்கு நுழைய 1972 வன உயிரினச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப, சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அனுமதித் தாள் வராமல் ஒரு பருவமழை தவறினால் பிஎச்.டி.யில் ஓராண்டு போச்சு. அதனால் முதலில் எச்சம், உதிர்ந்த இறகு, அருங்காட்சியக மாதிரி என்று விலங்கைத் தொடாமல் வேலை தொடங்கும் கேள்வியாகப் பார்ப்பது நல்லது. எச்சத்துக்கும் அனுமதி வேண்டும், ஆனால் பிடித்து ரத்தம் எடுப்பதைவிடச் சிக்கல் குறைவு.

அதே ஆண்டில் அறிவியல் பாடங்களுக்கான நெட் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட், உயிர் அறிவியல் தாள். பகுதி சி-யில் 75 கேள்விகள், விடை எழுத வேண்டியது 25, ஒவ்வொன்றும் 4 மதிப்பெண். கோச்சிங் சென்டர்கள் செல் உயிரியலிலும் மூலக்கூறு உயிரியலிலும் நேரத்தைக் கொட்டுவார்கள். உங்கள் மகள் சூழலியல், பரிணாமம், உயிரின வகைப்பாடு, ஆய்வு முறைகள் பக்கம் சாயட்டும். அவளுக்குப் பிடித்த பாடமே அவளுக்கு மதிப்பெண். சான்றிதழில் எந்தப் பிரிவில் தேர்ச்சி என்று பாருங்கள். உதவித்தொகை வருவது ஜே.ஆர்.எஃப். பிரிவுக்குத்தான்: முதல் இரண்டாண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய்.

ஒன்றை மறைக்க முடியாது. பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு, அதன் பின் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை, மூன்று நான்கு ஆண்டு. வேலை ஆணை கைக்கு வரும்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது ஆகியிருக்கும். இடங்களும் குறைவு. 'காத்திருந்தால் கிடைத்துவிடும்' என்று யாரும் உறுதி தர முடியாது, நானும் தரமாட்டேன். ஆனால் இந்தப் பாதையில் உங்கள் பணம் போகாது, அவள் சம்பளத்தில் படிப்பாள். நடுவில் விலகினாலும் அந்தக் கம்ப்யூட்டர் பழக்கம் மரபணு வரிசைப்படுத்தும் நிறுவனங்களில் சோறு போடும். கடன் பாதையில் விலகினால் வீடு போகும்.

கல்யாணப் பேச்சை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். பெண் பார்க்க வருபவர்களிடம் "பிஎச்.டி. பண்றா, சம்பளம் வாங்குறா" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு முகம் மாறுகிறவர்கள் வீட்டுக்கு மகளை மருமகளாக அனுப்பலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாமாவிடம் கோபப்பட வேண்டியதில்லை, வேலை கொடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பறவை, தவளை மரபணு ஆய்வு செய்யும் பேராசிரியர்களில் யார் அடுத்த ஆண்டு பிஎச்.டி. மாணவர் எடுக்கிறார்கள் என்று லேப் பக்கங்களைப் பார்த்து ஒரு பட்டியல் போடட்டும். பெரும்பாலான விண்ணப்பக் கெடு டிசம்பரை ஒட்டி வரும். அதற்கு முன் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேராசிரியருக்கு நேரடியாக எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை மாமா அல்ல, மகள்தான் எழுத வேண்டும்.