சேலத்தில் 25,000 ரூபாய்க்குள் லட்ச ரூபாய் செட் மாதிரி ஒலி தரும் ஆடியோ சிஸ்டம் கிடைக்குமா? சவுண்ட்பார் வாங்கலாமா, ஹோம் தியேட்டரா? சப்வூஃபர் அவசியமா?

கிடைக்கும். ஆனால் பாட்டுக் கேட்கத்தான் என்றால் சவுண்ட்பாரும் வேண்டாம், அஞ்சு ஸ்பீக்கர் ஹோம் தியேட்டரும் வேண்டாம். நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர், கையில் இருக்கும் போன். 25,000-இல் மிச்சமே பிடிக்கலாம்.

கேள்வியைப் படித்ததுமே உங்கள் நிலைமை புரிந்துவிட்டது. ஐந்து ரோடு பக்கம் ஏதோ ஒரு ஷோரூமுக்குப் போயிருப்பீர்கள். ஏசி அறையில் சோபாவில் உட்காரவைத்து, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கும் டெமோவைப் போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து விலையை நினைத்துத் தூக்கம் வராமல் இங்கே கேட்டிருக்கிறீர்கள். அந்த சோபா எனக்கும் தெரியும். என்ன, கேட்க வந்தவள் நான், பதில் எல்லாம் என் வீட்டுக்காரருக்குப் போனது. அவருக்கு நியூஸ் கேட்டால் போதும். இந்த ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓம்ஸ் என்று கேட்டேன். "சாருக்கு எது பிடிக்குதோ பாருங்க மேடம்" என்றார் அந்தத் தம்பி. அங்கே டெமோவுக்கு வைத்திருந்த ஒரு ஜோடியில் பிளஸ் மைனஸ் ஒரு பக்கம் மாறியிருந்தது. அதையும் சொன்னேன். சிரித்தார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை. ஆபீசில் கணக்குப் பார்ப்பவள். "வால்வ் ஆம்ப்ளிஃபயர் கேட்டிருக்கியா, வினைல் இசைத்தட்டு கேட்டிருக்கியா" என்று வரப்போகிறவர்களுக்கு: கேட்டிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. கேள்வி 25,000 ரூபாய்க்கு.

பெட்டி மேல் போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள். விளம்பரத்துக்காகச் சொல்லும் உச்ச சக்தியான பி.எம்.பி.ஓ. 2,000, 3,000 என்று எழுதுவதற்குக் கணக்கு ஒன்றும் கிடையாது, மனசு வைத்தால் இன்னொரு சைபரும் சேரும். தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், அதாவது ஆர்.எம்.எஸ்., எவ்வளவு என்று கேளுங்கள். அதிலும் சந்தேகம் என்றால் கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 24 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருக்கிறதா? பெருக்கினால் 72 வாட். உள்ளே போவதே 72 என்றால் வெளியே 300 எங்கிருந்து வரும்? கண் இமைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரலாம் என்று யாராவது சொல்வார்கள். சரி, வரட்டும். 300 வராது.

ஹாலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க அந்த 72 தாராளம். சாதாரண புக்‌ஷெல்ஃப் (அலமாரியில் வைக்கும் அளவு) ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85, 87 டெசிபல் சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேசவேண்டிய அளவு அது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய 10 டெசிபல் கூடவேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 50 வாட்டா 100 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

சவுண்ட்பார் மோசமான பொருள் இல்லை. டிவி வசனம் தெளிவாகக் கேட்க எங்கள் அம்மா வீட்டில் ஒன்று வைத்திருக்கிறோம். பாட்டு வேறு. வயலின் கூட்டம் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம், எஸ்.பி.பி. நடுவில் என்று பிரிந்து நிற்க இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே ஆறடியாவது வேண்டும். மூன்றடிப் பட்டைக்குள் எல்லாவற்றையும் அடைத்தால் அந்த அகலம் வராது. அப்புறம் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தத்தில் பாட, ஸ்பீக்கர் நாலு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனி வழியில் போய்க்கொண்டே இருக்கும். அதை இரண்டரை இஞ்ச் ஸ்பீக்கரில் தேடினால் எங்கே கிடைக்கும்?

இப்போது எங்கள் வீட்டில் பாடும் ஜோடியைப் பற்றிச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்று எழுதினால் அதையே தேடிக்கொண்டு அலைவீர்கள், அதனால் எழுதவில்லை. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள், பழைய சாமான் நிறைய இருக்கிறது என்று கூட வேலை செய்பவர் சொல்லிப் போனோம். தூசி படிந்து ஒரு அலமாரிக்குக் கீழே இரண்டும் கிடந்தன. முன்பக்கத் துணி மூடியான கிரில்லைக் கழற்றினால், அதிர்ந்து சத்தம் தரும் கூம்பான கோனைச் சுற்றி இருந்த ஃபோம் வளையம் விரல் பட்டதும் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டு வந்தது. "கெட்டுப்போச்சுங்க, பொட்டிக்கு மட்டும் ஏதாச்சும் கொடுங்க" என்றார் விற்றவர். 3,000 கொடுத்தேன்.

கெட்டது வளையம் மட்டும்தான். அந்த பாலியூரித்தேன் ஃபோம் காற்றில் இருக்கும் ஈரத்திலேயே சிதைந்துவிடும். பதினைந்து, இருபது வருஷம் தாங்கினால் பெரிது. ரப்பர் வளையம் போட்டவை இப்படிப் போகாது. கோன், அதைத் தள்ளும் கம்பிச்சுருளான காயில், காந்தம், கூர்மையான சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கராகிய ட்வீட்டர் எல்லாம் நன்றாக இருந்தால் அது நல்ல ஸ்பீக்கர்தான். மலையில் வாங்குவதாக இருந்தால் பெட்டியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பார்ட்டிக்கிள் போர்டு ஈரம் குடித்து உப்பியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கிரில் துணியில் பூஞ்சை இருந்தால் போகட்டும், துணி மாற்றிக்கொள்ளலாம்.

ஆளுக்கு ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கினோம். கண்டக்டர் லக்கேஜ் போட்டார், என் வீட்டுக்காரர் வீடு வரைக்கும் பேசவில்லை.

குகை பக்கம் மைக்செட் ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றித் தரும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கையில் எடுப்பதெல்லாம் பன்னிரண்டு இஞ்ச், பதினைந்து இஞ்ச். "இத்துனூண்டு ஸ்பீக்கருக்கு ஏங்கக்கா இவ்வளவு பாடு" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். பிசினைத் தின்னர் தொட்டுச் சுரண்டி எடுத்தார். நடுவில் இருக்கும் மூடியைப் பிளேடால் கீறித் திறந்தார். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் மெல்லிய பட்டைகள் வெட்டி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே சுற்றிச் செருகினார். காயில் நட்டநடுவில் நிற்க அதுதான் வழி. அப்புறம் புது வளையத்தைப் பசை போட்டு ஒட்டி ராத்திரி முழுக்கக் காயவிட்டார். மறுநாள் ஃபிலிமை உருவிவிட்டு, இரண்டு கட்டை விரலாலும் கோனை மெதுவாக அழுத்தி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். சரசரவென்று உரசினால் காயில் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். உரசவில்லை. கடைசியில் ஒரு டார்ச் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸில் தொட்டார், கோன் முன்னால் குதித்தது. இரண்டும் ஒரே பக்கம் குதிக்கவேண்டும். ஒன்று மாறினால் பேஸ் காணாமல் போகும், பாடகர் குரலும் நடுவில் நிற்காமல் எங்கேயோ சுற்றும். ஷோரூமில் நான் சொன்னதும் இதைத்தான். கூலி 1,200. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஆடியோ பற்றி உண்மை பேசுபவர்கள் மைக்செட்டுக்காரர்கள்தான்.

ஆம்ப்ளிஃபயர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப் போட்ட கையகலப் பெட்டி, ஆறாயிரத்துச் சொச்சம். கேபிள், எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர். ஐந்து மீட்டருக்கு அதன் மொத்தத் தடையே 0.12 ஓம் பக்கம்தான் வரும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தெரியவே தெரியாது. கேபிளுக்கு ஐயாயிரம் கொடுத்தவர்கள் என்மேல் கோபப்படவேண்டாம், உங்கள் காசு. எல்லாம் சேர்த்து 12,000-ஐத் தாண்டவில்லை. பழசு வாங்கப் பயமாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் பாருங்கள். எடிஃபையர் ஆர்1280டி-யில் ஆர்.எம்.எஸ். 42 வாட் என்று நேராகவே போட்டிருப்பார்கள். அந்தக் கம்பெனியில் எனக்கு யாரையும் தெரியாது.

பாதிச் சத்தம் அறையில் இருக்கிறது. நம் வீடுகள் எல்லாம் காங்கிரீட்டும் டைல்ஸும், கை தட்டினால் கணீர் என்று திரும்பி வரும். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டியோ மூலையிலோ வைத்தால் பேஸ் வீங்கிக் குழறும். ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரத்தில் உட்காருங்கள். பத்தடி அகல அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள பேஸ் சத்தம் குமியும். சுவரோரமாக உட்கார்ந்தால் பேஸ் முழங்கும், நடுவில் வந்தால் மெலியும். இரண்டடி நகர்ந்து பார்த்தாலே வேறு ஸ்பீக்கர் வாங்கிய மாதிரி தெரியும், செலவில்லை. பவானி ஜமுக்காளம் விரித்தால் கூர்மையான சத்தம் மட்டும் அடங்கும். அதைவிடத் தாழ்ந்த சத்தத்தை அடக்க மெல்லிய துணி போதாது, தடிமன் வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எதிர்ச் சுவரில் சாய்த்து வையுங்கள். நான் பிறந்தது அம்மாப்பேட்டையில், வீட்டுக்கு வீடு தறி ஓடும் தெரு. பின்னால் இரைச்சல் இருந்தால் எந்தச் செட்டிலும் மெல்லிய சுரம் கேட்காது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஃபேனைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள்.

"பன்னிரண்டாயிரம் ரூபாய் செட்டை லட்ச ரூபாயோடு எப்படி ஒப்பிடலாம்?" என்பீர்கள். எங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் இரண்டு லட்சத்துக்கு மேல் போட்டு செட் வைத்திருக்கிறார். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வந்தவர் என் ஸ்பீக்கரைப் பார்த்து "பரவால்லம்மா, சின்ன ரூமுக்குப் போதும்" என்றார். தெருவில் குழாய் ஸ்பீக்கர் ஓயட்டும் என்று பத்து மணி வரை காத்திருந்தேன். அவர் காரில் கொண்டுவந்திருந்த புது ஜோடியையும் என்னுடையதையும் அருகருகே வைத்து, முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டினேன். போனில் டெசிபல் ஆப் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். இது முக்கியம், ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுதான் நல்ல ஸ்பீக்கர் என்று காது சொல்லிவிடும், கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மாற்றி மாற்றிப் போட்டதில் அண்ணன் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் என்னுடையதை. வேட்டியை எடுத்ததும், "எனக்குக் கொஞ்சம் சளி" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஓலிவ் இருவரும் 1994-இல் இதையே முறையாகச் செய்து பார்த்தார்கள். அனுபவம் உள்ளவர்கள்கூட ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண் வேறு, திரைக்குப் பின்னால் கேட்டபோது கொடுத்தது வேறு. என்னுடையது எல்லாவற்றிலும் உசத்தி என்று சொல்லவில்லை. ரொம்ப ஆழமான பேஸும் கல்யாண மண்டபச் சத்தமும் இதில் வராது.

சத்தம் என்றதும் எங்கள் வீட்டு ஓனர் ஞாபகம் வருகிறார். அழகாபுரத்தில் மாடி போர்ஷன் எங்களுடையது. பெட்டிகள் உள்ளே போவதைப் பார்த்தவர் அடுத்த மாதமே "கரண்ட் ஜாஸ்தி இழுக்குமேம்மா" என்று யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏற்றினார். ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட், ஆம்ப்ளிஃபயர் மொத்தமாக இழுப்பது ஒரு பல்புக்கு ஆகிற கரண்ட், உங்கள் பழைய சீலிங் ஃபேனே 75 வாட் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "அதெல்லாம் சரிம்மா" என்றார். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று அரசாங்கம் கொடுப்பது வாடகைக்கு இருப்பவன் கண்ணில் படுகிறதா? சப் மீட்டர் போட்டு முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது ரூபாய் என்கிறார்கள். ஆணி அடிக்கக் கூடாது, ஸ்டாண்ட் போட்டால் டைல்ஸ் கீறும், மெத்தையைச் சாய்த்தால் பெயிண்ட் போகும். ஊரில் எந்தத் தெருவில் வீடு பார்த்தாலும் இதே கதை. சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை.

சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே தனியாக வைக்கும் பெட்டி, கேட்டிருந்தீர்கள். சொந்த வீடு, கீழ்த்தளம் என்றால் பிற்பாடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டு மாடி என்றால் வேண்டாம், பேஸ் தரை வழியாக நேரே கீழே இறங்கும். முதலில் ஐந்தரை, ஆறரை இஞ்ச் வூஃபர் (பேஸ் தரும் ஸ்பீக்கர்) உள்ள ஜோடியாகப் பாருங்கள். பழசு பார்க்கக் கிளம்பினால் ஒரு டார்ச் பேட்டரியும் இரண்டு துண்டு ஒயரும் கைப்பையில் இருக்கட்டும்.