ஒரே ஒரு பிரதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பகுதிப் பொது நூலகத்தில் வாசகர் வட்டம் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. மாதம் ஒரு நாவல் என்று முடிவுசெய்தோம். முதல் கூட்டத்துக்கு 38 பேர் வந்தார்கள், இரண்டாவதற்கு 19. போன மாதம் ஆறு பேர். அதில் நூலகரும் நானும் சேர்த்தி. நடுவில் இரண்டு முறை வெளியிலிருந்து பேச்சாளர்களை அழைத்தோம். நன்றாகவே பேசினார்கள். ஆனால் பேச்சு முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. சனிக்கிழமை காலையில் சிறுவர்களுக்குக் கதைநேரமும் நடத்துகிறோம். அங்கே சத்தம் தாங்கவில்லை. பெற்றோர் பின்னால் உட்கார்ந்து செல்பேசி பார்க்கிறார்கள்.

எங்கள் விளம்பரம் போதவில்லையோ? வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம், துண்டறிக்கையும் அடிக்க வேண்டுமா? பெயர்பெற்ற எழுத்தாளர் ஒருவரை அழைத்தால் கூட்டம் திரும்புமா? மனிதர்களே புத்தகமாக வந்து உட்கார்ந்து பேசுகிற மனித நூலகம், பழுதுநீக்கும் முகாம், விதையைக் கடனாகக் கொடுத்து விளைந்ததும் திருப்பி வாங்குகிற விதை நூலகம் என்று புதிதாக எதையாவது செய்யச் சொல்கிறார்கள் நண்பர்கள். எதில் தொடங்கலாம்?

எம்.

*

அன்புள்ள எம்.,

ஐந்து மாதம் விடாமல் நடத்தியிருக்கிறீர்கள். ஆறு பேருக்காகவும் நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதைச் சொல்லியாயிற்று, இனித் திட்டலாம்.

38, 19, 6 என்று தலையை எண்ணி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த நாவல் உங்கள் நூலகத்தில் எத்தனை பிரதி இருக்கிறது என்று எழுதவில்லை. அனேகமாக ஒன்றுதான் இருக்கும். கொஞ்ச நாளாகவே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கணக்கு இது, உங்கள் கடிதம் கிளறிவிட்டது. ஒருவருக்கு 14 நாள் தவணை என்று வையுங்கள். 38 பேரும் வரிசையாக எடுத்துப் படிக்க 532 நாள். ஒன்றரை வருடம்! உங்கள் அடுத்த கூட்டமோ 30 நாளில். அதற்குள் அந்த ஒரு பிரதி இரண்டு பேர் கைக்குப் போய்வரும். இன்னும் சிலர் விலைக்கு வாங்கியிருப்பார்கள், சிலர் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கியிருப்பார்கள். பாதிப் பேருக்கு மேல் படிக்காமல்தான் வருவார்கள். படிக்காமல் வந்தவர் பின்வரிசை பார்த்து உட்காருவார், நம்மைக் கேட்டுவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொள்வார். அடுத்த மாதமும் படிக்க முடியாமல் போனால் வரவே மாட்டார். அவருக்கு ஆர்வம் இல்லை என்று நீங்கள் குறித்துக்கொள்வீர்கள். அவருக்கு இருந்தது வெட்கம். அந்த வெட்கத்தை ஏற்பாடு செய்து கொடுத்தது நீங்கள்.

அப்புறம் பேச்சாளர். படித்தவர்களே இல்லாத அறையில் அவர்தான் என்ன செய்வார், பாவம்? கதையைச் சொல்லுவார். முக்கால் மணி நேரம் கதைச் சுருக்கம், கால் மணி நேரம் பாராட்டு. கேட்டவருக்குக் கதை தெரிந்துவிட்டது. இனி அந்தப் புத்தகத்தை எதற்கு எடுக்க வேண்டும்? நீங்கள் காசும் நேரமும் செலவழித்து, ஒரு புத்தகத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

ஊரே ஒரே புத்தகத்தைப் படிக்கிற திட்டங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகத்தில் நூலகர் நான்சி பேர்ல் தொடங்கி வைத்தது அது. அங்கே நூலகமே மூட்டை மூட்டையாகப் பிரதி வைத்துக்கொண்டு இறங்கியது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மறுபாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

ஒரு பிரதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஒருவர் படிக்கலாம், மற்றவர்கள் கேட்கலாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நாவலை நிறுத்துங்கள். ஒரு சிறுகதையை எடுத்து, கூட்டத்திலேயே உரக்கப் படியுங்கள். வீட்டுப்பாடம் கிடையாது. வந்து உட்கார்ந்த எல்லாருக்கும் அந்த நிமிடத்தில் கதை புதிது, அல்லது எல்லாருக்கும் தெரிந்தது. மேல் கீழ் இல்லை.

சொல்வது எளிது, செய்யும்போது சொதப்புகிற இடங்கள் உண்டு. முதலாவது நீளம். கடிகாரம் வைத்து ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்து அளந்துகொள்ளுங்கள். தமிழில் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் என்பது காதுக்கு இதமான வேகம். 90 என்று வைத்தால் 1800 சொல் கதைக்கு 20 நிமிடம். அதற்கு மேல் போனால் நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பிக்கும். நல்ல கதை 4000 சொல் என்றால் அதைச் சுருக்கிச் சொல்லித் தொலைக்காதீர்கள்; இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது வேறு கதை தேடுங்கள்.

படிக்கப் போகிறவர் முதல் நாள் வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். கண்ணால் படிக்கும்போது நீண்ட வாக்கியம் உறுத்தாது. வாய்க்கு வரும்போது, மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியாமல் எழுவாயை ஒரு மூச்சிலும் பயனிலையை இன்னொரு மூச்சிலும் விட்டு, கேட்கிறவரை நடுவழியில் நிறுத்திவிடுவார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் நமக்குக் கொஞ்சம் கூடுதல். மூச்சு விடும் இடத்தில் ஒட்டும் தாளைச் சிறுசிறு கீற்றாக வெட்டி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளட்டும், வீட்டுக்குப் போகும்போது எடுத்துவிடட்டும். நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடுகிறவர் எவ்வளவு பெரிய வாசகராக இருந்தாலும் அவரைப் படிக்க விடாதீர்கள். இதில் எனக்கு இரக்கமே கிடையாது.

நடிக்கச் சொல்லாதீர்கள். பாட்டிக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல் என்று ஆரம்பித்தால் நாலாவது பாத்திரத்தில் குரல் தீர்ந்துபோகும், கேட்பவர்களும் கதையை விட்டுவிட்டுப் படிப்பவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். உரையாடலுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தினால் போதும், யார் பேசுகிறார் என்று புரிந்துவிடும்.

இன்னொரு தப்பு, ஆளுக்கு ஒரு பத்தி என்று வட்டமாகச் சுற்றிவிடுவது. ஜனநாயகம் மாதிரித் தெரியும். உண்மையில் நடப்பது வேறு. ஐந்தாவது ஆள், தன் பத்தி எது என்று எண்ணி அதையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார், நடுவில் போன மூன்று பத்தியும் அவர் காதில் விழுந்திருக்காது. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அடுத்த மாதம் வரமாட்டார். படிக்கிறவர் ஒருவர், முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர். மாதத்துக்கு மாதம் ஆளை மாற்றுங்கள், கூட்டத்துக்கு நடுவில் மாற்றாதீர்கள்.

நாற்காலியை ஒற்றை வட்டமாகப் போடுங்கள். இரண்டாவது வட்டம் போட்டால் அதற்குப் பேர்தான் பின்வரிசை. 20 நாற்காலிக்கு மேல் வட்டம் பெரிதாகி, எதிரே இருப்பவர் முகம் தெரியாது. வருபவர்கள் அதற்கும் மேல் போனால் இரண்டு வட்டம், இரண்டு கதை. வாசல் பக்கம் இரண்டு நாற்காலி காலியாக இருக்கட்டும், தாமதமாக வருகிறவர் கூசாமல் உட்கார. ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். குரல் எட்டவில்லையா, முதலில் தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான்.

முடிந்ததும் உடனே "ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்?" என்று கேட்டுவிடாதீர்கள். அது தேர்வறைக் கேள்வி. சரியான விடை ஒன்று எங்கோ இருக்கிறது, எனக்குத் தெரியாது என்று எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். "எந்த வரி காதில் நிற்கிறது?" என்று கேளுங்கள். அதற்குத் தப்பான பதில் கிடையாது. கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஆறு வரும்போதே உங்களுக்குத் தவிப்பு தாங்காது, நீங்களே பதில் சொல்லப் பார்ப்பீர்கள். சொல்லாதீர்கள். எட்டிலோ ஒன்பதிலோ யாராவது தொண்டையைச் செருமுவார்கள்.

உரக்கப் படிப்பது சிறுபிள்ளைகளுக்குத்தானே என்று யாராவது முகம் சுளிப்பார்கள். கண்புரை வந்து எழுத்து கலங்கித் தெரிபவர், மொழி தெரிந்தும் எழுத்து தெரியாதவர், நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கண் களைத்தவர் எல்லாரும் உங்கள் பகுதியில் இருக்கிறார்கள். ஒரு நாவலைப் படித்துவிட்டு வா என்றபோது இவர்கள் அத்தனை பேரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

இனி முக்கியமான இடம். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அதே எழுத்தாளரின் நூல்கள், அதே களத்தைப் பேசுகிற வேறு நூல்கள் என்று எட்டு பத்துப் புத்தகங்களை அட்டை முகம் தெரியும்படி நிறுத்துங்கள். அலமாரியில் முதுகு காட்டி நிற்கும் புத்தகத்தைத் தேடி எடுப்பவர் ஏற்கெனவே வாசகர். முகம் காட்டினால்தான் மற்றவர் கை நீளும். கூட்டத்தை நூலகம் மூடுவதற்கு அரைமணி முன்பே முடித்துவிடுங்கள். பல இடங்களில் கூட்டம் முடியும்போது புத்தகம் வழங்குகிற மேசை மூடிக் கணினியும் அணைந்திருக்கும். கதை கேட்டுச் சூடாக இருக்கிற ஆள், கையில் எடுத்த புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அடுத்த வாரம் அந்தச் சூடு இருக்காது. உறுப்பினர் ஆகாதவருக்கு அங்கேயே விண்ணப்பத் தாள் இருக்க வேண்டும், எழுதுகிற பேனாவோடு.

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்துக் கொடுத்தார். மூன்றாவது விதி: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். எங்கோ ஒரு வாசகருக்காக அந்த நூல் காத்திருக்கிறது, தேடிப்பிடித்து இரண்டையும் சேர்த்து வைப்பது நூலகத்தின் வேலை. நூலகத்தில் நடக்கிற நிகழ்ச்சி எல்லாம் இந்த விதிக்குச் செய்கிற ஊழியம். அதனால் பதிவேட்டில் தலையை எண்ணுவதோடு நிற்காதீர்கள். அன்று மாலை அந்த மேசையிலிருந்து எத்தனை புத்தகம் வெளியே போயிற்று என்று எழுதுங்கள். ஆறு பேர் வந்து ஏழு புத்தகம் போனால், 38 பேர் வந்து ஒன்றும் போகாத கூட்டத்தைவிட அதுவே நல்ல கூட்டம். புகைப்படத்தில் அது தெரியாது, தெரியாவிட்டால் போகட்டும்.

கதைநேரம். சத்தத்துக்குக் காரணம் பிள்ளைகள் இல்லை. மூன்று வயதுக் குழந்தையையும் பத்து வயதுப் பிள்ளையையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் யாருக்கோ ஒருவருக்கு எப்போதும் சலிப்பாகத்தான் இருக்கும். 3 முதல் 6 வரை ஒரு குழு, 15 பேருக்கு மேல் வேண்டாம், 25 நிமிடம், மூன்று படப் புத்தகம், நடுவில் எழுந்து குதிக்க ஒரு பாட்டு. நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் குழந்தைக்கு உங்கள் தலையும் புத்தகமும் கருநிழலாகத்தான் தெரியும். புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடிக்காமல் தோளுக்குப் பக்கத்தில், அடிமுனையைப் பிடித்து, படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்தை வேகமாகத் திருப்பாதீர்கள். நீங்கள் எழுத்தைப் படிக்கிறீர்கள், அவர்கள் படத்தைப் படிக்கிறார்கள், அவர்களுக்குக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும்.

பெற்றோரைப் பின்சுவர் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தது யார்? நீங்கள்தானே? பார்வையாளராக உட்கார வைத்தால் செல்பேசி பார்க்கத்தான் செய்வார்கள். தன் பிள்ளைக்குப் பின்னால் பாயிலேயே உட்காரச் சொல்லுங்கள். 1988-இல் அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு, படிக்கும்போது எப்படிக் கேள்வி கேட்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் குழந்தைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. "இது நாயா?" என்று கேட்டால் ஆமாம் என்பதோடு பேச்சு முடிந்தது. "நாய் என்ன பண்ணுது?" என்று கேட்டால் பிள்ளை ஒரு வாக்கியம் கட்ட வேண்டும். உங்கள் கதைநேரத்தின் பாதிப் பயன், பின்னால் உட்கார்ந்து இதைப் பார்க்கிற அம்மாவோ அப்பாவோ வீட்டில் இதையே செய்வதில் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாக. மனித நூலகம் 2000-இல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட் விழாவில் பிறந்தது, அருமையான யோசனை. ஆனால் "புத்தகமாக" வந்து உட்காருபவரிடம் யார் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். காயப்படுத்துகிற கேள்விக்கும் அவரை முன்பே தயார்செய்ய வேண்டும். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு அது தாங்காது. பழுதுநீக்கும் முகாமுக்கு மின்வேலை தெரிந்த ஆள் உறுதியாகக் கிடைத்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

விதை நூலகம் செய்யலாம், ஒரு அலமாரித் தட்டு போதும். ஆனால் வாங்கி வைத்த விதையை அப்படியே கொடுக்காதீர்கள். பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் ஏழு பத்து நாள் வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அந்த விதைப் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டாம். முளைக்காத விதையை வாங்கிப்போனவர் நூலகத்தையே நம்பமாட்டார். தக்காளி, அவரைக்காய் மாதிரித் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவற்றில் தொடங்குங்கள். பூசணி வகையெல்லாம் பக்கத்து வீட்டுக் கொடியோடு கலந்துவிடும், அடுத்த வருடம் திருப்பித் தருகிற விதை எதுவாக முளைக்கும் என்று சொல்ல முடியாது.

பெயர்பெற்ற எழுத்தாளர் வந்தால் நல்லதுதான். பேச விடாதீர்கள், அவருடைய கதையை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

விளம்பரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? புத்தகம் வழங்கும் மேசையில் ஒரு தாள். நாள், நேரம், "படிக்காமல் வரலாம்". அவ்வளவு போதும். மாதத்தின் எந்தக் கிழமை என்று வைத்தீர்களோ அதை மட்டும் மாற்றாதீர்கள்.

அந்த ஆறு பேரில் யாருக்குக் குரல் தெளிவு என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த மாதக் கதையை இன்றே அவரிடம் கொடுங்கள். ஒட்டும் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் சட்டைப்பையில் பென்சில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.