புதிய பிராசசர் போட்டியாளரைவிட “50% வரை வேகம்” என்று நிறுவனமே சொன்னால் நம்பலாமா?

அப்படியே நம்ப வேண்டாம். முதலில் சோதனை அமைப்பைப் படியுங்கள். 2018 அக்டோபரில் நடந்தது நல்ல பாடம். இன்டெல் பணம் கொடுத்து ஒரு சோதனை நிறுவனத்திடம் கோர் ஐ9-9900கே, ஏஎம்டி ரைசன் 7 2700எக்ஸ் இரண்டையும் கேம்களில் ஒப்பிடச் செய்தது. ரைசனில் ‘கேம் மோட்’ போட்டிருந்தார்கள். பெயர் கேமுக்கு ஏற்றதுபோல இருந்தாலும், அந்தச் சிப்பில் அது 8 கோர்களில் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) 4-ஐ அணைத்துவிடும். சிப்பைக் குளிர்விக்கும் கூலரும் சமமில்லை: இன்டெலுக்குத் தனியாக வாங்கும் பெரிய நாக்டுவா கூலர், ரைசனுக்குப் பெட்டியோடு வந்தது. விமர்சனம் எழுந்தபின் 8 கோர்களோடு மறுபடி சோதித்தார்கள். இன்டெலே முன்னால் இருந்தது, ஆனால் இடைவெளி சுருங்கியது. இதுதான் என்னை உறுத்துகிறது: வெல்லும் சிப்புக்கு எதற்கு இந்தக் கோணல்?

“வரை” என்றால் பட்டியலிலேயே மிகப் பெரிய வித்தியாசம், சராசரி அல்ல. 1080பி திரைத் தெளிவில் தெரியும் இடைவெளி, அதைவிடக் கூர்மையான 4கே-யில் பெரும்பாலும் மறைந்துவிடும், அங்கே கிராபிக்ஸ் கார்டுதான் தடை. மின்வரம்பையும் பாருங்கள்: 9900கே-க்கு இன்டெல் சொன்னது 95 வாட், பல மதர்போர்டுகள் அந்த வரம்பைத் தளர்த்தியே ஓட்டும்.

நீங்களே சோதிப்பதானால் ராம் அளவு, வேகம், கூலர், கார்டு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். எக்ஸ்எம்பி (ராமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயங்குகிறதா, டாஸ்க் மேனேஜரில் எல்லாக் கோர்களும் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் 3 முறை ஓட்டி நடு மதிப்பை எடுங்கள். ரெண்டரிங் (வீடியோ, 3டி படங்களை உருவாக்கும் நீண்ட வேலை) என்றால் 30 நிமிடமாவது ஓடவிடுங்கள்; சூடேறிய பிறகே உண்மை வேகம் தெரியும்.