கலங்கலான பியர் கெட்டுப்போனதா?

மாசசூசெட்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் உள்ள சின்ன ப்ரூவரியில் ஹேஸி ஐபிஏ நாலு கேன் வாங்கினேன். ஊற்றினால் மாம்பழ ஜூஸ் நிறத்தில் ஒரே கலங்கல். கேனில் அடைத்த தேதியைப் பார்த்தால் நாலு நாள்தான் ஆகியிருந்தது. வாசனை அருமை, ஆனால் விழுங்கியதும் தொண்டையில் சுருக்கென்று அராவுகிறது. கெட்டுப்போன பியரா? இதை எப்படித்தான் ருசி பார்ப்பது? மீதி மூன்று கேனை வைத்திருக்கலாமா?"

கெட்டுப்போகவில்லை. ஹேஸி ஐபிஏ என்பது, கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் என்ற பூவை நிறையப் போட்டுக் காய்ச்சும் பியர், கலங்கல் அதன் இயல்பு. தொண்டை அராவியதற்குக் காரணம், நீங்கள் அதை ரொம்பச் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள் என்பதுதான்.

முதலில் கலங்கல். நம்மில் பெரும்பாலானவர்கள் பழகியது கிங்ஃபிஷர் மாதிரி வடிகட்டிய லாகர், அதனால் பியர் என்றால் தெளிவாக இருக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. ஹேஸி ஐபிஏவில் பார்லி மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பார்கள். அவற்றின் புரதமும் ஹாப்ஸிலிருந்து வரும் பாலிஃபினால் என்ற துவர்ப்புப் பொருளும் ஒட்டிக்கொண்டு, எளிதில் அடியில் படியாத மிக நுண்ணிய துகள்களாக மிதக்கின்றன. ஈஸ்ட் மிதப்பதால்தான் கலங்கல் என்று பலர் நினைக்கிறார்கள், நல்ல ஹேஸியில் அதன் பங்கு குறைவு. ஈஸ்ட் நிறைய இருந்தால் ரொட்டி மாவு மாதிரி ஒரு மொத்தையான ருசி வந்து பழ வாசனையை அமுக்கிவிடும்.

இந்த பியர் பிறந்தது உங்களுக்குப் பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டில். பர்லிங்டனில் கிரெக் நூனன் 1988-ல் திறந்த வெர்மான்ட் பப் அண்ட் ப்ரூவரியில் வேலை பார்த்தவர் ஜான் கிம்மிச். அவரும் மனைவி ஜென்னும் 2003-ல் வாட்டர்பரியில் தி ஆல்கெமிஸ்ட் என்ற பப்பைத் தொடங்கினார்கள். அங்கே வந்ததுதான் இந்த வகைக்கு முன்னோடியான ஹெடி டாப்பர் பியர், 8 சதவீத ஆல்கஹால். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அந்தப் பப்பை நாசமாக்கியது, அதே சமயத்தில் அவர்களுடைய புதிய ஆலையில் கேனில் அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கேனில் 'கேனிலிருந்தே குடியுங்கள்' என்று போட்டிருப்பார்கள். அவர்கள் சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் ருசி பார்க்கக் கற்றுக்கொள்கிறவர் கிளாஸில்தான் ஊற்ற வேண்டும். இந்த பியரின் பாதி ருசி மூக்கில் இருக்கிறது, கேனின் சின்ன வாயில் மூக்கை எங்கே வைப்பது?

டியூலிப் கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒயின் கிளாஸ் போதும். சோப்பு போக நன்றாக அலசுங்கள். ஊற்றிய பிறகு உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறது என்று அர்த்தம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்காதீர்கள், பத்து நிமிடம் விடுங்கள். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியான சூடு, அதற்குக் கீழே வாசனை எழும்பாது. கேனைக் குலுக்கவும் வேண்டாம். ஜெர்மானிய கோதுமை பியரில் அடியில் இருக்கும் ஈஸ்டைச் சுழற்றிக் கலப்பார்கள், அந்த வழக்கம் இங்கே பொருந்தாது. ஊற்றும்போது இரண்டு விரல் நுரை வரட்டும், அது உட்காருவதற்குள் மோந்து பாருங்கள்.

இழுத்து ஒரே மூச்சாக இல்லாமல், குட்டிக் குட்டியாக மோந்து பாருங்கள். பழுத்த கொய்யா, மாம்பழம், அன்னாசி, பப்ளிமாஸ் தோல் என்று நமக்குப் பழகிய வாசனைகளே வரும். பழமே சேர்க்காமல் இது எப்படி என்றால், சிட்ரா, மொசைக், கேலக்ஸி மாதிரி ஹாப்ஸைக் கொதிக்கும்போது கொஞ்சமாகவும், கொதித்து ஆறிய பிறகும் நொதிக்கும்போதும் ஏராளமாகவும் போடுகிறார்கள். அப்போது கசப்பு அதிகம் இறங்காது, வாசனை எண்ணெய் ஆவியாகியும் போகாது. மொசைக்கில் சில சமயம் லேசாக வெங்காய வாடை வரும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. (அடுப்பில் தாளிப்பு நடக்கும்போது ருசி பார்க்க உட்காராதீர்கள், எந்த வாசனை எதிலிருந்து வருகிறது என்றே தெரியாது.) அப்புறம் ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். ஓட்ஸாலும், தண்ணீரில் சல்ஃபேட்டைவிட குளோரைடு தூக்கலாக வைப்பதாலும் அது மெத்தென்று இருக்க வேண்டும், கசப்பு கடைசியில் வந்து சீக்கிரம் போய்விட வேண்டும்.

உண்மையில் கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறம் பழுப்பாகவோ சாம்பல் கலந்த ஊதாவாகவோ மாறி, வாசனை நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தால் ஆக்ஸிஜன் புகுந்துவிட்டது. வெண்ணெய் வாடை வந்தால் டயசெட்டில், பச்சை ஆப்பிள் வாடை வந்தால் அசெட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருள் இருக்கிறது, இரண்டுமே பெரும்பாலும் நொதிப்பு முடியும் முன் அவசரப்பட்டு அடைத்ததன் விளைவு. கலங்கல்தானே ஸ்டைல் என்று சொல்லி அரைகுறை பியரை விற்கிற இடங்களும் உண்டு, அதனால் கலங்கலைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். வாசனை துல்லியமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உங்கள் தொண்டைக்கு வருவோம். ப்ரூவரிக்காரர்கள் இதை ஹாப் பர்ன் என்பார்கள். ஹாப்ஸைக் கொட்டிப் போட்டு, அதன் துகளும் பாலிஃபினாலும் படிவதற்குள் அடைத்துவிட்டால் இப்படி அராவும். குளிரில் ஒரு வாரம், பத்து நாள் இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், ஹாப்ஸ் வாசனை காலையில் இறக்கிய டிகாஷன் மாதிரி, நேரம் போகப் போக மங்கிக்கொண்டே வரும்.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஜூஸ் மாதிரி இறங்குவதால் இது ஏமாற்றும். 473 மில்லி கேனில் 8 சதவீதம் என்றால் சுமார் 30 கிராம் ஆல்கஹால், அமெரிக்கக் கணக்கில் இரண்டு டிரிங்க்குக்குக் கொஞ்சம் மேலே. கேனில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள், குடித்த பிறகு கார் சாவியைத் தொடாதீர்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது வேண்டாம்.

மீதி மூன்று கேனையும் ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், கார் டிக்கியிலோ சமையலறை அலமாரியிலோ விடாதீர்கள். அடுத்த வாரம் ஒன்று, அதற்கடுத்த வாரம் ஒன்று என்று திறந்து, தொண்டை அராவல் எவ்வளவு குறைந்திருக்கிறது, வாசனை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். கடைசிக் கேனையும் அடைத்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். அப்போதும் தொண்டையைக் கீறினால், அந்த ப்ரூவரியிலேயே போய்ச் சொல்லுங்கள், சின்ன இடம் என்பதால் அதைக் காய்ச்சினவரிடமே நேரடியாகப் பேச முடியும்.