நாலு மாதக் குழந்தையின் அப்பாவைத் தேடிப் பிடியுங்கள்

கேள்வி: மனைவிக்கு இது எட்டாவது மாதம். பச்சைக் குழந்தையை நான் கையில் வாங்கியதுகூட இல்லை. நண்பர்களிடம் கேட்டால், "இனிமேல் தூக்கம் போச்சு" என்று சிரிக்கிறார்கள். அப்பாவோ, "அதெல்லாம் தானா வந்துடும்" என்கிறார். யாரிடம்தான் கற்றுக்கொள்வது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். பிள்ளை வளர்ந்துவிட்டால் முதல் மூன்று மாதம் பட்ட பாடு எல்லோருக்கும் மறந்துதான் போகும். அதனால் கேட்கும் ஆளை மாற்றுங்கள். நாலைந்து மாதக் குழந்தை உள்ள ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவருக்கு எல்லாமே நேற்று நடந்த மாதிரி இருக்கும். அமெரிக்காவில் 1990-ல் தொடங்கிய ஒரு பயிற்சி வகுப்பே இப்படித்தான் நடக்கிறது: புது அப்பாக்கள் கைக்குழந்தையோடு வருவார்கள், அப்பாவாகப் போகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

போனில் பேசி முடித்துவிடாதீர்கள். சளி, இருமல் இல்லாத ஒரு நாளில் வீட்டுக்கே போங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையை வாங்குங்கள். ஒரு கை தலைக்கும் பிடரிக்கும் அடியில், இன்னொன்று பிட்டத்துக்கு அடியில். இந்தக் குழந்தைக்குக் கழுத்து ஓரளவு நின்றிருக்கும். உங்கள் குழந்தைக்கு நிற்காது என்பதால், தலையைத் தாங்கிப் பிடிப்பது எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள். டயப்பரையும் நீங்களே மாற்றுங்கள். அவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

"அப்பா வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்தீர்கள்? மனைவிக்கு நிஜமாகவே உதவியாக இருந்தது எது?" என்று கேளுங்கள். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். தாய்ப்பால் கொடுப்பது உங்களால் ஆகாது, சரி. குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பது, ஏப்பம் விடவைப்பது, ஈரம் மாற்றுவது, திரும்பத் தூங்கவைப்பது எல்லாம் ஆகும்.

அவர் தானாகச் சொல்லாத ஒன்று உண்டு, கோபம். அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தணியும். பசி, ஈரம், காய்ச்சல் எதுவும் இல்லாமலே மணிக்கணக்கில் அழுகிற நாள் வரும். நல்ல மனுஷனுக்கும் அப்போது ஆத்திரம் வரும். குழந்தையைக் குலுக்கிவிடவே கூடாது; மூளையில் ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. பாதுகாப்பான, தட்டையான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய் மூச்சு வாங்குங்கள். "உங்களுக்குக் கோபம் வந்ததா, என்ன செய்தீர்கள்?" என்று நண்பரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மருந்து, கைவைத்தியம் விஷயத்தில் மட்டும் நண்பர் பேச்சு வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றாலே நேராக டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், பிரசவமாகி இரண்டு வாரத்தில் அவரையே உங்களுக்குப் போன் செய்யச் சொல்லி வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு ஆண்களுக்கும் வருவதுண்டு. அந்த நேரத்தில் நீங்களாக யாரையும் கூப்பிட மாட்டீர்கள்.