போனைப் பிடுங்கி வைக்கலாமா?

கேள்வி: என் மகள் கோவையில் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறாள். எந்நேரமும் இன்ஸ்டாகிராம்தான். மழையிலும் சிக்னலுக்காகத் தோட்டத்து மேட்டில் குடை பிடித்து நிற்கிறாள். படம் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பாள். இரண்டே நிமிடத்தில் திருப்பிப் பார்ப்பாள். ராத்திரி தூக்கமில்லை. கேட்டால் எரிந்து விழுகிறாள். எல்லாம் திமிர். போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா?
- சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: ஆகாது. திமிரும் இல்லை.

போனைக் கவிழ்த்து வைக்கிறாள் என்கிறீர்களே, பார்க்கக் கூடாது என்று அவளே தன்னோடு மல்லுக்கட்டுகிறாள் ஐயா. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை வரும் என்று தெரியாத மாதத்தில் நீங்களும் நாலு பேரிடம் விசாரிப்பீர்கள். விலை நிச்சயம் என்றால் விசாரிப்பீர்களா? அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதித்தபோது, எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்தியது. 2009-இல் ஃபேஸ்புக்கில் வந்த லைக் பொத்தானும் அந்த மாதிரிதான். ஒரு படத்துக்கு எழுபது லைக் விழும், அடுத்ததற்கு மூன்று. வயதில் மூத்த நாமே சிக்கிக்கொள்கிறோம்.

ஆனாலும் போன் வைத்திருக்கும் எல்லோரும் மழையில் மேட்டில் போய் நிற்பதில்லை. தனிமை, பதற்றம், மனச்சோர்வு, நாம் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் - இதெல்லாம் உள்ளவர்களைத்தான் அது இறுக்கிப் பிடிக்கிறது. கூடப் படித்தவர்கள் கல்லூரி விழாவில் சிரிக்கும் படங்களை அவள் பனிமூட்டத்துக்கு நடுவே தனியாகப் பார்க்கிறாள். பார்த்தால் நோகிறது. பார்க்காவிட்டால் தன்னை மறந்துவிடுவார்களோ என்று பயம். அந்த நோவை ஆற்றவும் கையில் இருப்பது அதே போன்தான்.

இவ்வளவு எழுதியவர், கல்லூரியை ஏன் விட்டாள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆறு மாதத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்காமல் போனைப் பிடுங்கினால், அவளுக்கு மிச்சமிருக்கும் ஓரிரண்டு தோழிகளையும் சேர்த்துப் பிடுங்குகிறீர்கள்.

ராத்திரி போன் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், உங்கள் போனும் சேர்த்து. காலையில் இலை எடை போடப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் கேளுங்கள், அதட்டாமல். பதில் வராவிட்டால் மறுநாளும் கேளுங்கள். அப்புறமும் தூக்கம் திரும்பவில்லை, சாப்பாடும் குறைகிறது என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். கூப்பிடும்போது அவளும் பக்கத்தில் இருக்கட்டும்.