சிறுநீர்ப் பரிசோதனையில் வரும் பிடிஜி அளவு எதைக் காட்டுகிறது?

கருமுட்டை வெளிவந்தபின் சினைப்பை புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் கல்லீரல் அதை உடைத்து, தண்ணீரில் கரையும்படி மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. அந்த மிச்சப்பொருளின் சுருக்கப்பெயர்தான் பிடிஜி.

கரும்புச்சாறு கடையை நினைத்துப் பாருங்கள். எத்தனை டம்ளர் விற்றது என்று தெரியாவிட்டாலும், ஓரமாகக் குவிந்த சக்கையே எவ்வளவு பிழிந்தார்கள் என்று சொல்லிவிடும். பிடிஜி அந்தச் சக்கை.

இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும். சிறுநீரில் பல மணி நேரத்துக் கணக்கு சேர்ந்து கிடைக்கிறது. அதனால்தான் காலையின் முதல் சிறுநீரைக் கேட்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் அளவு குறைவாகத் தெரியும். ஆய்வகங்கள் கிரியேட்டினினோடு (ஓரளவு சீராகச் சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவுப்பொருள்) ஒப்பிட்டு இதைச் சரிசெய்கின்றன.

வீட்டிலேயே பிடிஜி பார்க்கும் பரிசோதனைப் பட்டைகள் பலவும் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எல்லையாக வைக்கின்றன. அப்புறம் ஒன்று, கவனம்: கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறாக, இவற்றில் பெரும்பாலும் ஒற்றைக் கோடு வந்தால்தான் பிடிஜி இருக்கிறது என்று பொருள்.

புரோஜெஸ்டிரோன் மாத்திரை விழுங்குபவருக்கு பிடிஜி எகிறினால், இரத்தத்திலும் ஹார்மோன் அவ்வளவு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடுகிறது.